விளைந்த ஆண்டில் எண்ண வேண்டியவை

வீட்டில் அரிசி முற்றும் தீர்ந்த பின்னர் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிச் சிந்திப்போம் என்றிருக்கும் இல்லத்தலைவி எவரேனும் உண்டா? பானை பாதியாகும்போதே அடுத்த மாதத்துக்கு வழி தேடுகிறவரே குடும்பத்தைக் கட்டிக் காப்பவர். ஆனால் நாடு என்று வரும்போது மட்டும் நம்மவர் வழக்கம் வேறாக இருக்கிறது. மழை பொய்த்து, விலை ஏறி, கடை வாயிலில் வரிசை நீளும்போதுதான் உணவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். களம் நிறைந்திருக்கும் காலத்தில் அப்பேச்சே எழுவதில்லை. இப்போது களம் நிறைந்திருக்கிறது. ஆகவே பேசுவதற்கு இதுவே ஏற்ற வேளை எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

நாடு குடியரசான வேளையில், 1950-51ஆம் ஆண்டில், இந்தியாவில் விளைந்த உணவு தானியம் ஏறத்தாழ 5 கோடி டன். உண்ண வேண்டிய மக்கள் 36 கோடி. 2023-24ஆம் ஆண்டில் விளைந்தது 33 கோடி டன்னுக்கும் மேல். மக்கள் தொகையோ 140 கோடியைத் தாண்டிவிட்டது. மக்கள் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருக, தானியம் ஆறு மடங்குக்கும் மேலாகப் பெருகியிருக்கிறது. இது தானாக நிகழ்ந்தது அன்று. இதற்குப் பின்னால் திட்டமிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுள் சிலர் நம் தமிழ் மண்ணில் பிறந்தவர்கள்.

நமது பங்கில் எழுபத்தைந்து வயதைக் கடந்த முதியோர் சிலர் உளர். அவர்களிடம் ‘அறுபத்தைந்து, அறுபத்தாறு’ என்று சொன்னாலே போதும், முகம் மாறிவிடும். 1964-65இல் 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல், அடுத்த ஆண்டில் வறட்சியால் 7 கோடியே 20 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. அதற்கடுத்த ஆண்டும் மழை கைகொடுக்கவில்லை. 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் கடல் கடந்து வந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவின் ‘பி.எல். 480’ என்னும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த கோதுமை. கப்பலில் இறங்குவது அப்படியே வாய்க்குப் போகும் வாழ்வு என்று அக்காலத்தை வருணித்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்க அதிபர் ஜான்சனோ, இந்தியா தம் சொற்படி நடக்கிறதா எனப் பார்த்துப் பார்த்து, கப்பல்களைச் சிறிது சிறிதாகவே அனுப்பினார். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா கூறிய கருத்து அவருக்குக் கசந்தது. பிறர் கையிலிருந்து சோறு வரும்போது நம் நாவுக்கும் ஒரு கயிறு கட்டப்படுகிறது என்பதை நாடு அப்போது உணர்ந்தது.

அந்தக் கோதுமையின் வால் நம் பங்குகள் வரைக்கும் நீண்டிருந்தது. கத்தோலிக்கத் துயர் துடைப்பு நிறுவனத்தின் வழியாக மூட்டைகள் வரும். கோயில் வளாகத்தில் உபதேசியார் பெயர் கூப்பிட, தாய்மார் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் சிறுவராய் இருந்த நமக்கு, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் பொறித்த அந்தச் சாக்குகள் நன்றாக நினைவிருக்கின்றன. நம் தாயார் அவற்றைத் துவைத்து, பிரித்து, மிளகாய் உலர்த்த விரித்துப் போடுவார். பால் பொடியைக் கட்டியில்லாமல் கரைப்பதற்கு அண்டை வீட்டாரிடம் அவர் கற்றுக்கொண்ட வித்தை தனிக்கதை. கொடுத்தவர்களின் அன்பை நாம் சிறிதும் குறைத்து எண்ணவில்லை; அக்கோதுமை நொய்யால் உயிர் பிழைத்த குழந்தைகள் பலர். எனினும் சோறு சமைத்துப் பழகிய கைகள் பிறநாட்டாரின் சாக்குக்காகக் காத்து நின்ற காட்சி மறக்கக்கூடியதன்று.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர், பொள்ளாச்சிக்கு அருகில் பிறந்த திரு. சி. சுப்பிரமணியம். 1964இல் அவர் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சரானார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும், விளைபொருளுக்கு விலை பரிந்துரைக்கும் குழுவும் தோன்றின. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பது நம் பகுதியார் பலர் அறியாத செய்தி. உழவனுக்கு உறுதியான விலை, விளைந்ததை வாங்கிச் சேமிக்க அமைப்பு, அதிக விளைச்சல் தரும் விதை என்னும் மூன்றையும் ஒருசேர அமைக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. பணம் பாழ் என்றனர் சிலர். நம் மண்ணுக்கு ஒவ்வாது என்றனர் சிலர். தில்லியில் தாம் குடியிருந்த அரசு இல்லத்தின் புல்தரையை உழுது அதிலேயே அவர் கோதுமை பயிரிட்டுக் காட்டினார்.

இதன் பின்னர் நடந்ததைத்தான் நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. 1967இல் தேர்தல் வந்தது. தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு. ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்னும் முழக்கம் எங்கும் ஒலித்தது. உணவு அமைச்சர் சுப்பிரமணியம் சொந்த மாநிலத்திலேயே தோற்றார். மறு ஆண்டு, 1968 வசந்தத்தில், பஞ்சாபில் கோதுமை மலைபோலக் குவிந்தது. 1964-65இல் ஒரு கோடியே 23 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68இல் ஒரு கோடியே 65 இலட்சம் டன்னாக உயர்ந்தது. வைக்க இடமின்றிப் பள்ளிக்கூடங்களை மூடி அவற்றில் மூட்டைகளை அடுக்கினர். விதைத்தவர் அறுவடை நாளில் பதவியில் இல்லை. மக்களையும் குறை கூறுவதற்கில்லை; அவர்களுக்கு அன்று அரிசி தேவைப்பட்டது. நெடுங்காலத் திட்டத்தின் இயல்பே இதுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டியவர்கள், பதினைந்தாண்டு கழித்துப் பலன் தரும் காரியத்தில் கைவைக்கத் தயங்குவது இதனால்தான். மேட்டூர் அணை ஒன்றுக்கே 1925 முதல் 1934 வரை காலம் பிடித்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அறிவியல் பக்கத்தில் இப்பணிக்குத் தலைமை தாங்கியவர் கும்பகோணத்தில் பிறந்த முனைவர் எம்.எஸ். சுவாமிநாதன். அவ்வூர்ச் சிறுமலர்ப் பள்ளியில் பயின்றவர் என்று சொன்னால் நம் வாசகர்கள் மகிழ்வார்கள். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டில் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவரைப் புகழ்வோர் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. வெற்றி கண்முன் தெரிந்த 1968 ஜனவரியிலேயே, வாரணாசி அறிவியல் மாநாட்டில் அவர் எச்சரித்தார். மண்வளத்தைப் பேணாமல் தீவிரமாகப் பயிர் செய்வதும், கணக்கின்றி நிலத்தடி நீரை இறைப்பதும், நூற்றுக்கணக்கான நாட்டு இரகங்களை விட்டு ஒன்றிரண்டு இரகங்களையே எங்கும் விதைப்பதும் பெருங்கேட்டில் முடியும் என்றார். விளைந்த ஆண்டில் எண்ணிப் பார்த்தவர் அவர். விருதோடு அந்த எச்சரிக்கையையும் நாடு ஏற்றுக்கொண்டிருக்கலாம்.

விளைந்த ஆண்டு என்றதும் யோசேப்பின் வரலாறு உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஏழு வளமான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்க வழி செய்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. இதைப் பற்றி மறையுரை ஆற்றாத குருக்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அவ்வரலாற்றின் பிற்பகுதியை நாம் பெரும்பாலும் தொடுவதில்லை. பஞ்சம் நீள நீள எகிப்து மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள்; பின்பு ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள்; இறுதியில் நிலத்தையும் தம்மையுமே பார்வோனுக்கு விற்றார்கள். களஞ்சியம் நிறைந்திருந்தது, மக்கள் உயிர் பிழைத்தார்கள், ஆனால் உழவர் எவருக்கும் சொந்த நிலம் இல்லை. சேமிப்பு இருந்தால் மட்டும் போதாது, அதன் திறவுகோல் யார் கையில், எந்த விலைக்கு என்ற கேள்வியும் உண்டு என்பதைத் திருநூல் மறைக்காமல் சொல்லியிருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அப்போது சிறுவராய் அதனைக் கண்ட அமர்த்தியா சென், பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகி, 1981இல் வெளியிட்ட நூலில், அந்த ஆண்டில் தானியம் அப்படியொன்றும் அற்றுப்போய்விடவில்லை, அதை வாங்கும் ஆற்றலே ஏழைகளுக்கு அற்றுப்போயிற்று என்று நிறுவினார். இன்னும் அருகில் வருவோம். 1960-61இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சை ஒன்று. புது இரக நெல் விளைந்தது, மூட்டைகள் பெருகின. அதே தஞ்சையின் கீழ்ப்பகுதியில், 1968 டிசம்பர் 25 அன்று, நாமெல்லாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அந்த இரவில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதையொட்டி எழுந்த பூசலில் வெண்மணிச் சேரியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விளைச்சல் கணக்கில் அவ்வாண்டு நல்ல ஆண்டாகவே பதிவாகியிருக்கும்.

இன்றைய களஞ்சியத்துக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் நாளில் மத்தியத் தொகுப்பில் 411 இலட்சம் டன் அரிசியும் கோதுமையும் இருந்தாக வேண்டும் என்பது விதி. பல ஆண்டுகளில் அதனினும் மிகுதியாகவே இருந்துள்ளது. 2020இல் கொள்ளை நோய் வந்து ஊரடங்கில் வேலையற்று நின்றபோது, ஏறத்தாழ 80 கோடி மக்களுக்குத் தலைக்கு 5 கிலோ தானியத்தைக் கூடுதலாக, இலவசமாக வழங்க முடிந்ததற்கு அந்த இருப்பே காரணம். நம் பங்கிலும் அந்த மாதங்களில் பல அடுப்புகள் அதனால்தான் எரிந்தன. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்தைச் சலுகை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர்த்தியது; தமிழகத்திலோ 2011 முதலே அரிசிக்கு விலையில்லை. இலவச அரிசியைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடுவோர் உண்டென்று பலர் குறை சொல்வர். உண்டுதான். அதற்காக, அதையே உண்டு வாழும் விதவையின் பையைத் தட்டிப் பறிக்கலாகாது.

ஆனால் களஞ்சியத்தில் எது இல்லை என்பதையும் நோக்க வேண்டும். நம் நியாயவிலைக் கடையிலிருந்து வீடு வரும் பையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அரிசி நம்முடையது. 2007 முதல் சிறப்புத் திட்டத்தில் வழங்கப்பட்டுவரும் பாமாயிலோ இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைவது. பருப்பில் ஒரு பகுதி கனடாவிலிருந்தும், மியான்மரிலிருந்தும், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலிருந்தும் வருகிறது. நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதிதான். 2022 ஏப்ரலில் இந்தோனேசியா திடீரெனப் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது சில வாரங்களுக்கு நம் ஊர் மளிகைக் கடைகளில் விலை என்ன பாடு படுத்திற்று என்பது தாய்மாருக்குத் தெரியும். அறுபதுகளில் கோதுமைக் கப்பல். இப்போது எண்ணெய்க் கப்பல். கப்பல் நின்றபாடில்லை.

இதற்குக் காரணம் உழவரின் சோம்பல் அன்று. நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டுமே அரசு உறுதியாக விலை கொடுத்து, வீட்டு வாசல் வரை வந்து வாங்குகிறது. பயறு, எள், கடலை, கேழ்வரகு ஆகியவற்றுக்கு விலை அறிவிக்கப்பட்டாலும் வாங்குவார் குறைவு. ஆகவே சோறு முதன்மை உணவாக இல்லாத பஞ்சாபிலும் நெல் பயிராகிறது. அங்கு நிலத்தடியில் ஊறுவதைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேலாக நீர் இறைக்கப்படுகிறது. அதாவது பேரக்குழந்தைகளின் கிணற்றிலிருந்து இறைத்து நாம் இன்று உண்கிறோம். சோறு நிறைந்த நாட்டில் ஊட்டம் நிறையவில்லை: 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். வெறும் சோற்றால் வயிறு நிறையும், இரத்தம் ஊறாது.

நம் கடைமடைப் பகுதியில் இதற்கு ஒரு பழைய மருந்து இருந்தது. சம்பா அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னர், கதிர் நிற்கும்போதே, ஈரம் காயாத சேற்றில் உளுந்தையோ பச்சைப் பயற்றையோ தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுக்கும்போது உளுந்து முளைவிட்டிருக்கும். பிறகு பனியும் மண்ணின் மிச்ச ஈரமுமே அதற்குப் போதும். தனியாக உழவும் இல்லை, தண்ணீரும் இல்லை. சித்திரைக்குள் வீட்டுக்கு உளுந்து, மாட்டுக்குப் பொட்டு, மண்ணுக்குத் தழைச்சத்து. இன்று அது ஏன் குறைந்தது என்று வயது முதிர்ந்த உழவர் ஒருவரிடம் வினவினோம். “மிஷின் எறங்குனா முளைச்சதெல்லாம் சக்கரத்துல நசுங்கிப் போவுது சாமி. கையால அறுக்கலாம்னா ஆளு எங்க இருக்கு? எம் மவனே திருப்பூர்ல இருக்கான்” என்றார். திட்டம் தீட்டுவோரின் மேசைக்கு இந்தச் சக்கரச் செய்தி சென்று சேர்ந்ததா என்பது நமக்கு ஐயமே. எடை குறைந்த அறுவடைப் பொறிக்கும், பயறுக்கு உறுதியான கொள்முதலுக்கும் செலவிடும் ஒரு ரூபாய், இறக்குமதிக்குச் செலவிடும் பல ரூபாயை மிச்சப்படுத்தும் என்பது நம் எண்ணம்.

கொள்முதல் நிலையத்தையும் சொல்ல வேண்டும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வாங்குவதில்லை என்பது பொதுவிதி. மழை மிகுந்த ஆண்டுகளில் தளர்வு கேட்டு மடல் போக, அனுமதி வர, அதற்குள் குவியலில் முளை கட்டிவிடும். குருமடத்தில் நமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். நெல்லின் ஈரப்பதத்தைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், பங்குக் கோயிலின் வெளிமண்டபத்தைத் திறந்துவிட்டு, நான்கு குடும்பங்களின் நெல்லை அங்கே பரப்பி, இரவெல்லாம் அவர்களோடு கால்களால் கிளறிக் கிளறி உலர்த்தியதில் அப்பாடத்தைக் கற்றோம். மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்தவர்கள் ஓரமாக நின்று செபித்தனர். எவரும் முகம் சுளிக்கவில்லை. விளைந்த நெல்லை நனையாமல் காக்கும் ஒரு கூரையும், உலர்த்தும் ஒரு பொறியும் ஒவ்வொரு நிலையத்துக்கும் கொடுப்பதற்குப் பெரிய அறிவியல் தேவையில்லை. நாட்டின் உணவுத் திட்டம் ஓட்டை விழுவது பெரும்பாலும் இத்தகைய சிறிய இடங்களில்தான்.

களஞ்சியம் என்றும் நிறைந்தே இருக்கும் என்ற நம்பிக்கையும் அண்மையில் ஆட்டம் கண்டது. 2022 மார்ச்சில் வடநாட்டில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் அடித்து, பால் கட்டும் பருவத்தில் கோதுமை சுருங்கியது. மே மாதத்தில் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியும் தடைப்பட்டு, 2024 செப்டம்பரில்தான் நீக்கப்பட்டது. 2024 ஏப்ரல் முதல் நாளில் அரசின் கோதுமை இருப்பு ஏறத்தாழ 75 இலட்சம் டன். இருந்தாக வேண்டிய அளவோ 74.6 இலட்சம் டன். நூலிழை இடைவெளி. நம் காவிரியிலும் அப்படித்தான். 2023இல் மரபுப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது, ஆனால் தண்ணீர் தொடர்ந்து வராமல் குறுவை கருகியது. 2024இல் அணை திறந்ததே ஜூலை இறுதியில்தான்.

மாற்றம் வேண்டும் என்றால் நாளைக்கே எல்லாவற்றையும் புரட்டிப் போடுவோம் என்று புறப்படுவோரும் உண்டு. அவர்கள் இலங்கையை நோக்க வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் அந்நாட்டு அரசு இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் தடை செய்தது. இயற்கை வேளாண்மை நல்ல நோக்கமே. ஆனால் மாற்று எருவும் பயிற்சியும் காலமும் கொடுக்கப்படவில்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது பருவம் கடந்துவிட்டது. அன்னியச் செலாவணியும் வற்றியிருந்த நாட்டில் 2022இல் மக்கள் பட்ட பாடு உலகறிந்தது. அங்கிருந்து கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்களை நாளிதழ்களில் கண்டோம். மண் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பத்தாண்டு கேட்கிறது. அந்தப் பத்தாண்டைக் கொடுப்பதற்குப் பெயர்தான் திட்டம்.

இவ்வளவு பெரிய காரியத்தில் ஒரு பங்கு என்ன செய்ய இயலும் என்று கேட்பீர்கள். நம் தாயார் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவார். ஞாயிறன்று அது கோயிலுக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். பிடியரிசி எனும் அவ்வழக்கம் பல ஊர்களில் மறைந்துவிட்டது. விதைநெல்லை வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி, சாணம் மெழுகிப் பரண்மேல் ஏற்றியபின் எத்தனை நெருக்கடியிலும் அதைத் தொட மாட்டார்கள். வீட்டளவில் அவையே சேமிப்புக் கிடங்கும் விதைப் பண்ணையும்.

பிடியரிசியோடு நில்லாமல், சற்றுப் பெரிய கணக்கும் நம் பங்குப் பேரவையின் முன் வந்தது. நமது கோயிலுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன் ஒரு குடும்பத்தார், பாதுகாவலர் திருவிழாவின் பொது உணவுக்கும் ஏழை விதவைகளின் அரிசிக்கும் என்று எழுதி வைத்தது. சாலை அகலமானதும் அதன் மதிப்பு ஏறிவிட்டது. மேடாக்கி மனைகளாகப் பிரித்து ஒரு பகுதியை விற்று, மீதியில் திருமண மண்டபம் கட்டினால் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையை மாற்றலாம், ஆண்டுதோறும் வருவாயும் வரும் என்று இளைஞர் சிலர் மறைமாவட்ட அனுமதிக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொண்டுவந்தார்கள். பொறியியல் படித்த தம்பி ஒருவர் கணக்கை விளக்கினார்: மூன்று ஏக்கரின் ஓராண்டுக் குத்தகை, மண்டபத்தின் இரண்டு நாள் வாடகைக்குக் கூடக் காணாது. அவர் கணக்கில் பிழையில்லை. கூரை ஒழுகுவதும் உண்மை. மழை நாளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நாமே நம் அறைக்கு அழைத்து அமர்த்தியிருக்கிறோம்.

பேரவை இரண்டுமுறை கூடிப் பேசிற்று. இரண்டாம் நாளில், அதுவரை வாய் திறக்காதிருந்த பெண் உறுப்பினர் ஒருவர், “அந்த மூணு ஏக்கரை மேடாக்கினா, மேல இருக்கிற எங்க பதினஞ்சு இருபது ஏக்கர் தண்ணி எப்படி வடியும் சாமி?” என்று கேட்டார். வடிகால் வாய்க்கால் கோயில் நிலத்தின் ஊடாகத்தான் செல்கிறது என்பதை வரைபடத்தில் எவரும் குறித்திருக்கவில்லை. மறுநாள் பொறியாளர் தம்பியும் அவரும் இன்னும் சிலரும் நேரில் சென்று வரப்பு வரப்பாக நடந்து பார்த்தோம். விண்ணப்பத்தை ஒத்தி வைப்பதென்று பேரவை முடிவு செய்தது. அதே குத்தகைதாரருக்கு மேலும் மூன்றாண்டு. சம்பாவுக்குப் பின் ஓர் ஏக்கரில் உளுந்து போட வேண்டும். அந்த ஓர் ஏக்கரை மட்டும் பொறி இறக்காமல் கையால் அறுக்க இளைஞர் இயக்கத்தார் மூன்று நாள் உடன் நிற்பர். விளையும் உளுந்தைச் சந்தை விலைக்குக் கோயிலே திருவிழாவுக்கு எடுத்துக்கொள்ளும். இவற்றை எழுதிக் கையொப்பமிட்டோம்.

பொறியாளர் தம்பிக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. மூன்றாண்டு கழித்து இக்கேள்வி மீண்டும் வரும் என்று சொல்லிவிட்டார்; வரட்டும், அப்போது வடிகால் வரைபடமும் கையில் இருக்கும். கூரைக்கு இப்போதைக்கு ஓடு மாற்றி, மூன்றாம் வகுப்பை மட்டும் வேறு அறைக்கு மாற்றியிருக்கிறோம். தை மாதத்தில் அறுப்புக்கு வருவதாகப் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் அரிவாள் பிடிக்கத் தெரிந்தவர் நால்வரே. மற்றவர்களுக்கு மார்கழிக் கடைசி ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்ததும், அந்த முதிய உழவர் வயலில் வைத்துக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.